சாப்பிடலாமா, மாப்பிள்ளை?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளியின் சகலைக்கு நடந்தது.

விடிகாலை நாலரை மணி. ஊருக்கு வெளியே சுற்றுச்சாலை... ஒரு ஈ காக்கை இல்லை. அவர் பால் வண்டி ஓட்டுபவர். பின்னால் பால் பெட்டிகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு நாற்றம். எங்கோ தார் போடுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினார். நாற்றம் கூடியது. தாரோடு துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி...

மாமனார் செத்த அன்று குளியலறையில் அடித்த நாற்றம் அது.

மாமனாருக்கு இரைப்பையில் புண். ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு ரத்தத்தை நிறுத்தி, அமிலத்தை அடக்கும் மருந்தை ராப்பகலாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்தார்.

"காலைல வெறும் வயித்துல போட்டுட்டு, அரை மணி நேரம் கழிச்சுச் சாப்பிடணும். நாங்க சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

மாத்திரை கொடுப்பது மருமகன் பொறுப்பு. பெரியவர் சின்னப் பிள்ளை மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "சாப்பிடலாமா, மாப்பிள்ளை?" என்பார். "சாப்பிடுங்க மாமா" என்றால்தான் தட்டில் கை வைப்பார்.

ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோனது. மருமகன் வாங்க மறந்துவிட்டார். மனைவிக்குத் தெரிந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கைக்குக் கிடைத்த சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அதே வெள்ளை நிறம். வெறும் கேஸ் மாத்திரைதானே, ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடும்... அந்த ஒரு நாள் பல நாளானது. ஆள்தான் நன்றாக இருக்கிறாரே.

ஒரு காலை குளியலறைக் கதவு திறக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் தரையெல்லாம் தார் மாதிரிக் கறுப்பு... புண் உடைந்து மலத்தோடு போன ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

"மாத்திரை ஒழுங்கா போட்டாரா?" என்று டாக்டர் கேட்டார்.

மனைவிதான் அழுதுகொண்டே சொன்னாள். "இவரு ஒரு நாள்கூடத் தவற விட்டதில்ல, டாக்டர்."

அவர் மனைவியின் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார். பாவி.

இப்போது வண்டியில்... பெட்டிகளின் சத்தம் சட்டென்று நின்றது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதுகுக்குப் பின்னால், மெதுவாக...

"சாப்பிடலாமா, மாப்பிள்ளை?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். குற்ற உணர்ச்சி அவ்வளவு நாளும் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"மாமா... நான் குடுத்தது அந்த மாத்திரை இல்ல."

பிறகு...

"தெரியும் மாப்பிள்ளை. நீங்க குடுத்தீங்க... போட்டுக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்தார். மனைவி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு. ஒரு தம்ளர் தண்ணீர். பக்கத்தில் ஒரு வெள்ளை மாத்திரை. யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிகாலை. அதே சாலை... அதே நாற்றம். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. பெட்டிகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

நாற்றம் பின்னாலிருந்து வரவில்லை. தான் உட்கார்ந்திருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தார்... ஈரம். விரலில் தார் மாதிரிக் கறுப்பு.