பதினேழாம் நம்பர் குழாய்

டாக்டர்: ...கதவைச் சாத்திட்டு வா. ஃப்ரிட்ஜுல எதைத் தேடிட்டிருந்தே?

உதவியாள்: ஒண்ணும் இல்லை மேடம். பசு ரத்தம் இருக்கற குழாய் ஒரு தட்டு, எருமையோடது ஒரு தட்டு... கலந்துடக் கூடாதுன்னு அடுக்கிட்டிருந்தேன்.

டாக்டர்: நேத்தே அடுக்கினியே.

உதவியாள்: திரும்ப ஒருதரம்.

டாக்டர்: உக்காரு. திங்கக்கிழமை நீ எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துடுச்சு.

உதவியாள்: எல்லாத்துக்குமா?

டாக்டர்: எல்லாத்துக்கும். புதுசா கன்னு போட்ட ரெண்டு பசுவுக்குத் தீவனம் பத்தலை. உடம்புக் கொழுப்பைக் கரைச்சுப் பால் கொடுக்குதுங்க. அப்படிக் கரையறப்ப வர்ற கீட்டோன் ரத்தத்துல ஏறிக் கிடக்கு.

உதவியாள்: சரி மேடம். எருமைங்க?

டாக்டர்: அதுக்குள்ள எருமைக்குப் போயிட்டே.

உதவியாள்: சும்மா கேட்டேன்.

டாக்டர்: பதினஞ்சும் பதினாறும் சினை இல்லை. பதினேழு...

உதவியாள்: பதினேழு?

டாக்டர்: ஏன் எந்திரிக்கிறே?

உதவியாள்: கால் மரத்துப் போச்சு... நீங்க சொல்லுங்க.

டாக்டர்: பதினேழு எந்த எருமை? எனக்குப் பிடிபடலை.

உதவியாள்: கொட்டகையில கடைசி மேடம். ஒத்தைக் கொம்பு.

டாக்டர்: வா, போய்ப் பார்ப்போம்.

உதவியாள்: இப்ப வேணாம் மேடம். முட்டிடும்.

டாக்டர்: மூணு வாரமா உன்கிட்ட ரத்தம் கொடுத்த எருமை என்னை மட்டும் முட்டுமா?

உதவியாள்: ஆளைப் பார்த்து முட்டும்.

டாக்டர்: ரொம்ப விவரமான எருமைதான்.

உதவியாள்: மேடம்... அதோட சினை ஹார்மோன் எவ்வளவு இருக்கு?

டாக்டர்: முதல் வாரம் நல்லா இருந்தது. ரெண்டாவது வாரமும் அப்படியே.

உதவியாள்: இந்த வாரம்?

டாக்டர்: கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?

உதவியாள்: இந்த வாரம், மேடம்.

டாக்டர்: இறங்கியிருக்கு.

உதவியாள்: கொஞ்சமாவா?

டாக்டர்: பாதிக்குப் பாதி.

உதவியாள்: மெஷின் தப்பாக் காட்டியிருக்கும். அன்னைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, நானே—

டாக்டர்: மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்.

உதவியாள்: அப்படின்னா... கரு போயிடுச்சா?

டாக்டர்: அப்படி நான் சொல்லலை. அந்த ஹார்மோன்தான் கருவைப் பிடிச்சு வெச்சிருக்கும். கொறைஞ்சா பயப்பட வேண்டியதுதான். ஆனா ஒரு எண்ணை வெச்சு முடிவு கட்ட முடியாது. ஸ்கேன்ல பார்க்கணும். ரத்தம் ஏதாவது பட்டுச்சா?

உதவியாள்: எருமைக்கா?

டாக்டர்: எருமைக்குத்தான்.

உதவியாள்: காலையில... ஒரே ஒரு பொட்டு.

டாக்டர்: வலி?

உதவியாள்: இடுப்புல. லேசாத்தான்... விட்டு விட்டு.

டாக்டர்: இடுப்பு வலிக்குதுன்னு எருமை சொல்லிச்சா?

உதவியாள்: மிச்சக் குழாயை அடுக்கிட்டு வரேன் மேடம்.

டாக்டர்: ஏம்மா, பதினேழைப் போன மாசமே வேற பண்ணைக்கு அனுப்பியாச்சு. லாரியில ஏத்தி விட்டதே நீதான்.

உதவியாள்: ...மறந்துட்டேன்.

டாக்டர்: யாருக்குப் பயப்படறே? எனக்கா?

உதவியாள்: உங்களுக்கு இல்லை மேடம்... ஆஸ்பத்திரிக்குப் போனா அத்தையும் கூட வருவாங்க. முன்னாடி ரெண்டு தடவையும் வந்தாங்க. ரெண்டும் தங்கலை. வெளியில வந்து நான் முதல்ல பார்த்தது அவங்க முகத்தைத்தான். அவங்க ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்...

டாக்டர்: உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

உதவியாள்: தெரியாது. இந்தத் தடவை நல்லபடியா கரு தங்குதான்னு முதல்ல எனக்கு மட்டும் தெரியணும்னு இருந்தேன். எருமைக்கும் மனுஷிக்கும் அந்த ஹார்மோன் ஒண்ணுதான்னு நீங்கதான் ஒரு நாள் சொன்னீங்க. அந்தக் குழாய்ல இருந்தது... என் ரத்தம் மேடம்.

டாக்டர்: காலையிலேயே தெரியும்மா. எருமை ரத்தத்துல சர்க்கரை அறுபது, எழுபதுதான் இருக்கும். இந்தக் குழாய்ல நூறு, மனுஷங்களுக்கு இருக்கற மாதிரி. உன் வாயால வரட்டும்னு மத்தியானம் வரைக்கும் பேசாம இருந்துட்டேன். அப்படிச் சொல்லிக்கிறேன், நிஜத்துல எனக்கும் சொல்லப் பயம். நான் மாட்டு டாக்டர். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை டாக்டர்கிட்ட பேசிட்டேன், உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வண்டி வாசல்ல நிக்குது. அத்தையைக் கூப்பிடலை. நான்தான் வரேன். மெதுவா எந்திரி... என் கையைப் பிடிச்சுக்கோ.