உள்ளான் படம்

ஃப்ளோரா: கதவ தொறக்காத லூர்து! வெளிச்சம் வந்துச்சின்னா போட்டோ காயிதம் காலி.

லூர்து: நான் எங்க தொறந்தேன்? அம்மாதான் வெளிய நின்னு தள்ளிகினு கீது.

சிலுவையம்மாள்: ஏன்டி, ஜன்னல்ல சாக்கு மாட்டிகினு எத்தினி நாழி அடுப்பங்கரைய அடைச்சி வப்பீங்க? உலை வக்க வாணாமா?

ஃப்ளோரா: கொஞ்சம் பொறும்மா. நைனா எடுத்த கடைசி படம்... வந்துகினே கீது.

சிலுவையம்மாள்: காலையிலேருந்து வந்துகினுதான் கீது. எண்ணூர்லேருந்து நடந்தா வருது? தோ பாரு, படத்த காட்டுனா கேமரா பொட்டி வூட்ல இருக்கட்டும். இல்லியா, சாயந்திரம் இன்னாசி மாமா வருவாரு. அவுரு ஸ்டுடியோவுக்கு தூக்கிகினு போவட்டும்.

லூர்து: நைனா பொட்டியில கல்யாண போட்டோவா!

சிலுவையம்மாள்: ஏன், மனுசன எடுத்தா ஆவாதா? உங்க நைனா காச்சலோட காத்திவாக்கத்து சேத்துல எறங்கி, மார்ல சளி கட்டி போயி சேந்தாரே... எதுக்கு? சேத்துல மேயற உள்ளான் குருவிக்கு! கொழம்புல போட்டா ஒரு வாய்க்கு காணாது. அப்பிடி இன்னாதான் எடுத்தாருன்னு நானும் பாக்கறேன்.

ஃப்ளோரா: பாப்பம்மா. நீயும் பாப்பே.

லூர்து: அக்கா... இதுவும் வெளுத்து போச்சி. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீது.

ஃப்ளோரா: ரகசியமா பேசு. நெகட்டிவ் நல்லாத்தான் கீது. படம் கழுவற மருந்தும் புச்சு. பல்பு எரியற நேரம்தான் பத்தல.

லூர்து: நைனா கணக்குதானே? வெள்ள பல்ப போட்டு மூணு ‘மரியே வாழ்க’. ஆமென்னதும் அணைச்சிடணும். விழுங்காமதான் சொன்னேன்.

ஃப்ளோரா: எப்பிடி சொன்னே? சொல்லு.

லூர்து: அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே...

ஃப்ளோரா: அடிப்பாவி!

லூர்து: இன்னாக்கா?

ஃப்ளோரா: அது இஸ்கூல்ல சிஸ்டர் சொல்லி குடுத்த புச்சு. நைனா என்னிக்கு அத்த சொன்னாரு? கோயில்ல அத்தினி பேரும் மாறியும் அவுருக்கு பழசுதானே. பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே...

லூர்து: ஆமாக்கா! அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய... எல்லாரும் முடிச்சி குந்தினப்புறம்தான் அவுரு ஆமென் வரும். நமக்கு மானம் போவும்.

ஃப்ளோரா: அந்த இழுவதான்டி வெளிச்சம். நாம பாதியில அணைச்சிகினு கீறோம்.

லூர்து: காயிதம் எத்தினி கீது?

ஃப்ளோரா: ஒண்ணு.

லூர்து: பேஜாரு... எனக்கு பழசு முழுசா வராது. உனக்கு?

ஃப்ளோரா: நடுவுல திக்கும்.

லூர்து: அப்ப வாணாம். நாளிக்கி வேற காயிதம் வாங்கி...

ஃப்ளோரா: நாளிக்கி பொட்டி இருக்காது. இந்த வூட்ட வுட்டு அது போவக் கூடாது லூர்து. இன்னிக்கே எடுத்துடணும்.

லூர்து: அம்மாவுக்கு டவுட் வந்துச்சின்னா?

ஃப்ளோரா: வாய மூடிகினு இருந்தா வராது. ...அம்மா! அம்மோவ்!

சிலுவையம்மாள்: இன்னாடி?

ஃப்ளோரா: பழைய மரியே வாழ்க சொல்லேன். மூணு வாட்டி. நைனா மாதிரி நிறுத்தி.

சிலுவையம்மாள்: இப்ப இன்னாத்துக்கு?

ஃப்ளோரா: நைனாவுக்குத்தாம்மா.

சிலுவையம்மாள்: ...இரு. முக்காடு போட்டுக்கறேன்.

ஃப்ளோரா: காயிதத்து மேல நெகட்டிவ வச்சிட்டேன். கண்ணாடிய அமுக்கிக்க. அம்மா வாய தொறந்ததும் பல்பு.

சிலுவையம்மாள்: பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க...

லூர்து: கண்ணாடி வழுக்குதுக்கா.

ஃப்ளோரா: நல்லா அமுக்கிக்க. கண்ணாடி நவுரக் கூடாது.

சிலுவையம்மாள்: ...எங்கள் மரண நேரத்திலும்... வேண்டிக்கொள்ளும்... ஆமென்.

லூர்து: மூணு!

ஃப்ளோரா: அணைச்சிட்டேன். தட்டுல போடு. ஆட்டு... மெதுவா ஆட்டுடி.

லூர்து: வருது... சேறு வருது... ஐயோ, காலு காலா வருதே! தோ, இது ஒத்த கால்ல நின்னுகினு கீது!

ஃப்ளோரா: பாத்தது போதும், அந்த தட்டுல, ஹைப்போ தண்ணியில போடு! கறுத்துட போவுது!

சிலுவையம்மாள்: ஆச்சாடி?

ஃப்ளோரா: ஆச்சிம்மா. கதவ தொறக்கறேன். ஈரமா கீது, ஓரமா புடி.

லூர்து: எப்பிடி கீதும்மா?

சிலுவையம்மாள்: தம்மாத்தூண்டு குருவிங்க... தண்ணியில நெழலோட நிக்குதுங்களே. அழகாத்தான் கீது.

ஃப்ளோரா: அப்ப பொட்டி எங்கியும் போவாதுல்ல?

சிலுவையம்மாள்: யாரு எடுத்தது இத்த?

ஃப்ளோரா: நைனாதாம்மா. கடைசியா போனாரே, அன்னிக்கு.

சிலுவையம்மாள்: அன்னிக்கு பொட்டியில ஃபிலிமே கெடையாதுடி. காச்சலோட போவக் கூடாதுன்னு நான்தான் எடுத்து அரிசி பானையில சொருவி வச்சேன். ‘சும்மா பாத்துட்டாவது வரேன் சிலுவ’ன்னு வெறும் பொட்டிய மாட்டிகினு போனாரு. படம் வராதுன்னு தெரிஞ்சிதான் உங்கள கேட்டேன்... இந்தா, அந்த ஃபிலிமு. பிரிக்காம கீது. இன்னாசி கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமா போயி எடுத்துட்டு நைனா பேர சொல்றீங்க... இனிமே என்னாண்ட பொய் சொல்லாம போங்க. மொத ரயிலுக்கு போவசொல்லோ பனி ஏறாம தலைக்கு துண்டு கட்டிகினு போங்க.