மூன்றாம் வகுப்பில் கூடிய ஊர்

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "கையைத் தூக்க இடமில்லாமதான் ஜெயிச்சோம்" என்றார் ஜன்னலோரம் இருந்தவர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன பாத்திமாக்கா சொல்றீங்க?"

"எங்க ஊர்ல வயலெல்லாம் மனையாகி, புதுப்புது வீடா வந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல மட்டும் அதே பழைய ரூமு. மூணாவதும் நாலாவதும் ஒண்ணா நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்குங்க. வீட்டுக்கு வீடு வரி போட்டு ரெண்டு ரூம் கட்டுவோம்னு ஊர்க் கூட்டத்துல ரெண்டு தடவை கேட்டேன். மளிகைக்கடைக்காரிக்கு இது எதுக்குன்னாங்க."

"அப்புறம்?"

"மூணாவது கூட்டத்தை அந்த ரூமுலயே வைக்கச் சொன்னேன். எத்தனை பிள்ளைங்களோ அத்தனை பெரியவங்களை உள்ள உக்கார வச்சோம். முட்டியோட முட்டி இடிக்குது, வேர்த்து ஊத்துது. 'வரி வேணாங்கிறவங்க கையைத் தூக்குங்க'ன்னேன். ஒருத்தராலயும் தூக்க முடியலம்மா! எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ரெண்டு தடவையும் எதிர்த்துப் பேசின மிராசுதாரே, 'போதும்மா, கட்டிடுவோம்'னுட்டாரு."

"கட்டியாச்சாக்கா?"

"நேத்து மேல்தளம் போட்டாச்சு. இன்னைக்கு விடியக்காலையில பார்த்தா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வயலுக்குப் பாய்ச்சுற மாதிரி தளத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நிக்கிறாரு அந்த மிராசுதாரு. என்னைப் பார்த்ததும் மேல இருந்தே சத்தம் போட்டாரு: 'ஏம்மா, மாடியில இன்னும் ரெண்டு ரூம் எடுத்தா என்ன?'"