ஒரு நிமிடம் நின்றவன்

இதை என் கைப்பட நானே எழுதித் தருகிறேன், ஐயா. ஏட்டையாவின் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று நான் சொல்லச் சொல்ல அவர் இரண்டு இடத்தில் சிரித்துவிட்டார், சிரித்த இடத்தை எழுதாமலும் விட்டுவிட்டார். சிரிப்பு வரட்டும், அது என் பிழைப்பு. எதுவும் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் கைலாசம். வயது ஐம்பத்திரண்டு. ஊர் ஐயம்பேட்டை. இருபத்தாறு வருடம் தெருக்கூத்தில் கட்டியக்காரன். ராஜா வேஷம் சபைக்கு வருவதற்கு முன் கோணல் தொப்பியோடு வந்து, கதையைச் சொல்லி, அந்த ராஜாவையே கிண்டல் செய்து, தூங்குகிறவர்களை எழுப்புவது என் வேலை. முழங்கால் தேய்ந்ததும் கூத்து வாத்தியார் என்னை நிறுத்திவிட்டார். முழங்கால்தான் காரணம் என்றார். ஜனங்கள் சிரிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்.

பிறகு பிள்ளையார்பாளையத்தில் சாமுவேல் நடத்திய கேம்ஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு டிவி, நான்கு பெட்டி. டிஸ்க் போட வேண்டும், மணி பார்க்க வேண்டும், மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் பெருக்கித் தள்ள வேண்டும். சபையில் துரியோதனனை அதட்டியவன் கையில் துடைப்பம். அதுவும் ஒரு வேஷம்தானே.

கூத்தைப் பற்றி நீங்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கூட்டம் தூங்கினால் சகுனிக்கு ஊர்த் தலைவரின் இருமலைக் கொடுத்துவிட வேண்டும். சபையே விழித்துக்கொள்ளும். யாருடைய கதையோ, கேட்கிறவர்கள் கதையாகிவிடும். இரண்டாவது, வேஷக்காரனுக்கு ஆவேசம் வந்தால் கையில் இருக்கும் ஆயுதத்தாலேயே நிஜமாக அடித்துவிடுவான். அதனால் அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். கேம்ஸ் சென்டரில் அப்படி யாரும் நிற்பதில்லை. இதை சாமுவேலின் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

சென்ற ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் நெசவுநூலை நீட்டிப் பாவு விரிக்க முடியாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும். வேலையில்லாத நெசவாளிகளில் பாதிப் பேர் டீக்கடைக்குப் போனார்கள், மீதிப் பேர் எங்களிடம் வந்தார்கள். அப்படி வந்தவர்கள்தான் கதிர்வேலும் வீரபாகுவும். பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு பேர் சேர்ந்து நூல் சுற்றிய நாடாவை எறிந்தால்தான் இரண்டும் கோத்துக்கொள்ளும். அவர்கள் பதினோரு வருடமாக ஒரே தறியில் அப்படி எறிந்தவர்கள். பேசாமலே ஒருவர் கை மற்றவருக்குத் தெரியும். ஜாய்ஸ்டிக்கையும் அப்படித்தான் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வார்கள்.

சாமுவேல் சென்னையிலிருந்து வாங்கி வந்த டிஸ்க் ஒன்று முழுக்க ஜப்பான் பாஷையில் இருந்தது. சண்டை கால்வாசி, சினிமா முக்கால்வாசி. நான்கு பேரை வெட்டினால் பத்து நிமிடம் படம் ஓடும். ரத்தம் தெறித்து டிவி கண்ணாடியின் உள்பக்கம் வழிவதுபோல் இருக்கும். பிறகு மழை பெய்யும், கத்தி வைத்திருப்பவன் அழுவான். எதற்கு அழுகிறான் என்று யாருக்கும் புரியாது.

"இன்னாண்ணே சொல்றான் இவன்?" என்று கதிர்வேல் கேட்டான்.

எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. ஆனால் கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. திரையில் அந்த வீரன் மழையில் மண்டியிட்டு, கண் மூடிய ஒரு சிறு பெண்ணை மடியில் வைத்திருந்தான். பின்னால் இன்னொருவன் தலை குனிந்து நின்றான். "பொண்ணு செத்துப்போச்சுப்பா. பின்னால நிக்கறவன் சினேகிதன்," என்றேன். பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வீரபாகு கையை நீட்டி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். படம் வெட்டுப்பட்டுச் சண்டை வந்துவிட்டது.

"இன்னா மாமு, கதை கேக்கவா வந்தோம்? வெட்டுப்பா," என்று கதிர்வேலிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "யோவ் கட்டியம், விடிய விடிய பேசி ஊரையே தூங்க வெச்ச. இங்க இருக்கறதே ஒரு மணிநேரம். வுடுய்யா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, நானே சொல்லியிருக்கலாம். அதற்காக நான் கோபப்படவில்லை. மறுநாளும் அழுத்தினான், அதற்கு மறுநாளும் அழுத்தினான். எப்போது பார்த்தாலும் அந்தக் குழந்தை வரும் இடத்தில்தான் அழுத்துவான். படத்திலேயே உருக்கமான இடம் அது. ரசனை இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

கதிர்வேலுக்கு கீர்த்தி என்று நாலு வயதில் ஒரு மகள் இருந்தாள். போன வைகாசியில் வரதர் கருட சேவை அன்று விடியற்காலை காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆட்டோ கூட்டி வருகிறேன் என்று வீரபாகு ஓடினான். ஊரில் லட்சம் பேர், எல்லாத் தெருவும் அடைப்பு. ஒரு மணிநேரம் கழித்து வெறுங்கையோடு ஓடி வந்தான். பிறகு தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டது. தெருவுக்கே தெரிந்தது இவ்வளவுதான்.

எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியும். கடை மூடிய ஒரு சாயங்காலம் மழை. என்னைத் தன் குடைக்குள் இழுத்து பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டான் வீரபாகு. தான் பாதி நனைந்தான். நல்லவன். டீ வாங்கிக் கொடுத்தான். தொண்டையைச் செருமினான். எது சொல்வதற்கு முன்னும் அப்படி இரண்டு தடவை செருமுவான்.

"அன்னிக்கி கூட்டத்துல மாட்டிக்கினேன்ண்ணே. கருடன் மேல சாமி எதிர்ல வந்துச்சு. கொழந்த பொழைக்கணும்னு கையெடுத்துக் கும்பிட்டு நின்னேன். ஒரே ஒரு நிமிசம். அதுக்கப்புறம் தூங்கவே முடியலண்ணே. கதிரு கிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை, ஐயா. ஜப்பான்காரன் சொன்னதாகத்தான் சொன்னேன்.

வீரபாகு அக்கா வீட்டுக் கூரையைச் சரிசெய்யத் திருமுக்கூடல் போனான். ஆறு நாள். கதிர்வேல் தனியாக வந்தான். எந்த இடத்திலும் ஸ்டார்ட்டை அழுத்தவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு ரசிகன் கிடைத்தான். ஒருவன் போதும் ஐயா. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீரனுக்கு ஒரு குரல், சினேகிதனுக்கு ஒரு குரல் கொடுத்தேன். குழந்தைக்கு மருந்து வாங்க ஓடிய அந்தச் சினேகிதன், பேசுவதற்கு முன் இரண்டு தடவை செருமினான்.

மூன்றாம் நாள், குழந்தை சாவதற்கு முன் நடந்ததாக, ஒரு திருவிழா வந்தது. தெரு நிறைய காகித விளக்கு, தோளில் பல்லக்கு, ஜனக்கூட்டம். நடுவில் அந்தச் சினேகிதன் நின்றுகொண்டிருந்தான். இதை நான் வரையவில்லை, டிஸ்க்கிலேயே இருந்தது. கிடைத்ததை வைத்துக் கதை சொல்வதுதான் கட்டியக்காரன் வேலை.

"இவன் ஏண்ணே நிக்கறான்? மருந்துக்குத்தானே ஓடனான்?"

"சாமி வருதுல்ல. பாத்துக்கினு நிக்கறான்."

"கொழந்த?"

"கொழந்த வூட்ல இருக்குது."

கதிர்வேல் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். பிறகு, "எம்மா நேரம் நிக்கறான்?" என்றான்.

"அத இன்னும் சொல்லலப்பா. நாளைக்கி வா," என்றேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஒரு கலை.

நான்காம் நாள் சினேகிதன் பல்லக்கின் பின்னாலேயே ஒரு தெரு நடந்தான். ஐந்தாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டான். அது வேறு யாரோ என்று இப்போது தெரிகிறது. ஜப்பான்காரர்கள் எனக்கு ஒரே ஜாடையாகத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் கதிர்வேல் கொஞ்சம் முன்னாலேயே வந்தான். கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி கிருஷ்ணம்மாள் கடை வாசலில் வந்து வருத்தப்பட்டாள். "கதைல மனசு போய்க்கினு இருக்குதும்மா, நல்லதுதானே," என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

ஆறாம் நாள் கடைசிக் காட்சி. மலை உச்சி. சினேகிதன் மண்டியிட்டிருக்கிறான், வீரன் கத்தியை ஓங்கியிருக்கிறான். அப்படியே படம் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. கதிர்வேல் கையில் ஜாய்ஸ்டிக் அதிர்கிறது. கூத்தாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பேர் அவன் இடுப்பைப் பிடித்திருப்பார்கள். நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.

"அடிப்பா," என்றேன்.

சதுரம், சதுரம், முக்கோணம். பட்டன்களை அந்த வரிசையில் அழுத்தினான், திரை சிவந்தது.

மறுநாள் வீரபாகு திரும்பி வந்தான். என் முழங்காலுக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கி வந்திருந்தான். இன்றைக்கும் அதைத்தான் தேய்க்கிறேன், நல்ல குணம் தெரிகிறது. அவன் ஒரே ஒரு நாள் அழுத்தாமல் உட்கார்ந்து என் கதையைக் கேட்டிருந்தால், அது யாரைப் பற்றியது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கதையைத் தாண்டிப் போகிறவனுக்குக் கதை போகும் இடம் தெரிவதில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

நான்கு நாளில் மழை விட்டது. குழி காய்ந்ததும் இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். மீதியைக் கிருஷ்ணம்மாள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

"மாமு, அன்னிக்கி கருட சேவைல நீ நின்னியா?" என்று கதிர்வேல் கேட்டிருக்கிறான்.

வீரபாகு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். தொண்டையைச் செருமியிருக்கிறான், இரண்டு தடவை. "ஒரு நிமிசம் நின்னேன்பா. கும்பிட்டுக்கினு..."

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவனால் சட்டென்று எழ முடியாது. சேலையைச் சுருட்டி இறுக்கும் கட்டை கதிர்வேல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் எப்போதும் இருக்கும். மூன்று தடவை அடித்திருக்கிறான். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில், முதல் இரண்டும் ஒரே இடத்தில், மூன்றாவது மேலிருந்து என்று இருப்பதாக ஏட்டையா சொன்னார். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சதுரம், சதுரம், முக்கோணம்.

ஏன் என்று கேட்டதற்குக் கதிர்வேல், "கேம்ல வந்துச்சு," என்று மட்டும் சொன்னான். உடனே பத்திரிகையில் பெரிய எழுத்தில், 'நண்பனைக் கொன்ற வீடியோ கேம் கதை' என்று போட்டுவிட்டார்கள். சாமுவேல் கடைக்குப் பூட்டு. கேம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்று மனு. அநியாயம் இல்லையா ஐயா? அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்கு இளகிய மனசு.

கோர்ட்டில் காட்டுவதற்காக சாமுவேல் அதே விளையாட்டின் இங்கிலீஷ் டிஸ்க்கைத் தேடிப் பிடித்தார். கல்லூரியில் படிக்கும் மானஸா என்ற பெண் உட்கார்ந்து வரிக்கு வரி எங்களுக்குச் சொன்னாள். அந்தச் சினேகிதன் திருவிழாவில் நின்றது, தன் கத்தியை விற்று மருந்து வாங்க. வாங்கிக்கொண்டு ஓடிவந்தான், நேரம் தவறிவிட்டது. மலை உச்சியில் படம் நிற்கிறதே, அங்கே ஒரு நிமிடம் எதையும் அழுத்தாமல் இருந்தால் வீரன் தானாகவே கத்தியைக் கீழே போட்டுவிடுவான். இருவரும் மலை இறங்கிப் போவார்கள். அவ்வளவுதான் ஜப்பான்காரன் எழுதியது. சுமாரான முடிவு. கூட்டம் கலைந்திருக்கும்.

தை மாதம் ஜெயிலுக்குப் போய்க் கதிர்வேலைப் பார்த்தேன். ஒருவன் பொய்யை நம்பிக்கொண்டு உள்ளே கிடப்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று உண்மைக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவசரப்படாமல், இரண்டு குரலிலும் சொன்னேன்.

"அப்ப, அழுத்தாம இருந்திருந்தா?" என்றான்.

"இருந்திருந்தா ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயிருப்பாங்கப்பா. ஒரு நிமிசந்தான்."

அன்று முதல் அவன் யாரோடும் பேசுவதில்லையாம். வலது கைக் கட்டைவிரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறானாம், சாப்பாட்டுக்குக்கூட விடுவதில்லை என்று வார்டர் சொன்னார். ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மணி அடித்தும் போகவில்லை. இருபத்தாறு வருடத்தில் எந்தச் சபையிலும் அப்படி ஒருவன் எனக்கு வாய்த்ததில்லை.

என்னை எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று நீங்கள் குழம்புவது தெரிகிறது. எதில் வேண்டுமானாலும் போடுங்கள். கொன்றது நான். கட்டையைத் தூக்கியது மட்டும்தான் கதிர்வேல். பேருக்காகவோ புகழுக்காகவோ இதை எழுதவில்லை, வீரபாகு மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. உங்கள் ஃபைலில் 'வீடியோ கேமில் வரும் கதை' என்று இருக்கும் இடத்தை அடித்துவிட்டு, 'கைலாசம் சொன்ன கதை' என்று திருத்தினால் போதும்.

இன்னும் ஒன்று, ஐயா. கோர்ட்டில் இதை வாசிக்கும்போது கதவைச் சாத்திவிடச் சொல்லுங்கள். யாரும் நடுவில் எழுந்து போய்விடக் கூடாது.