காட்டு உள்ளான் உட்கார்ந்திருந்த இடம்

காட்டு உள்ளான் பறவையைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் சலித்துத்தான் போவார்கள், சார். கோழியைவிடச் சின்ன உடம்பு, காய்ந்த சருகின் நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீண்ட அலகு. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் சுளிப்பார்கள். பிறகு அதன் கண்களைக் காட்டுவேன். தலையின் பின்பக்கமாகத் தள்ளி இருக்கும். கழுத்தைத் திருப்பாமலே முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிடும். மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஐப்பசி மழையோடு இமயமலையிலிருந்து வரும். பகலில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். மிதிக்கப் போகும்வரை எழும்பாது. பொழுது சாய்ந்தால் சேற்றில் அலகை இறக்கி மண்புழு தேடும். வெள்ளகவிக்குப் போகும் மலைப்பாதைக்கு மேலே, சோலைக்குள் ஒரு சேற்றுக்குழி இருந்தது. வருஷம் தவறாமல் ஒரு பறவை அங்கேதான் வரும். அதைக் காட்டித்தான் பிழைத்தேன். வழிகாட்டி வேண்டும் என்றால் ஆக்னலைக் கூப்பிடு என்று கொடைக்கானலில் எல்லா லாட்ஜிலும் என் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஜெரால்டுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவன் நான். அவன் அந்த இடத்தைப் போனில் ஊருக்கெல்லாம் அனுப்பினான். கூட்டம் கூட்டமாக வந்து மிதித்தார்கள். சேறு கட்டாந்தரையாக இறுகிப் போனது. போன வருஷம் பறவை வரவில்லை. என்னைத் தேடி ஆளும் வரவில்லை. என் மனைவி பிரின்ஸி நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜுக்குக் கக்கூஸ் கழுவப் போனாள். பினாயில் வாடை போகாத அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட வெட்கமாக இருந்தது, சார். செத்துவிடலாம் என்றுகூட இருந்தது.

ஜெரால்டிடம் கெஞ்சினேன்.

"ஏலே, அந்த ஒரு எடத்தையாவது விட்ருடா. எனக்கு வேற சோலி தெரியாது."

அவன் சிரித்தான். "அது என்ன உங்க வீட்டுக் கோழியாண்ணே? வெரசா வேற தொழில் பாருங்க."

இந்த வருஷம் அது வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். "வெள்ளனே வாடா, ஒனக்கு மட்டும் காட்டுறேன்" என்று ஜெரால்டைக் கூப்பிட்டேன். நம்பி வந்தான்.

பாதையை ஒட்டிய பாறை மேட்டில், சருகுக்குள் அது உட்கார்ந்திருந்தது. அவனுடைய பெரிய லென்ஸுக்குக் காலடியில் இருப்பது பிடிபடாது. பின்னால் நகர்ந்தால்தான் படம் தெளியும். நகர்ந்தான். பின்னால் பள்ளம் தெரியாதபடி மஞ்சு மூடியிருந்தது. பறவை முன்னால் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் போகலாம் என்று கையைக் காட்டினேன்.

அவன் கேமராவில் இருந்த எல்லாப் படத்திலும் பறவை ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். இருக்கும், சார். முந்தின நாளே கண்ணி வைத்துப் பிடித்துக் கழுத்தைத் திருகிவிட்டேன். குச்சி முட்டுக் கொடுத்து அங்கே நிறுத்தியதும் நான்தான். அவனைத் திட்டம் போட்டுத்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குழிக்கு யாரும் போக மாட்டார்கள். சேறு பழையபடி ஊறிவிடும். வருகிற ஐப்பசிக்கு இன்னொரு உள்ளான் அங்கே வரும், சார். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்களா? அதைக் காட்ட என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.