முன்வரிசைக் கம்பளி

வேண்டாங்க... கை தட்டாதீங்க. கைதட்டல் வாங்கற மனநிலையில நான் இல்ல. உள்ள வரும்போது வாசல்ல ஒரு பேனர் பார்த்தேன். 'சேர்ந்த முதல் நாளே பிராணாயாமம்'னு போட்டிருக்கு. முதல் நாளே... யாருங்க எழுதினது? இந்த யோகா மையத்து நிர்வாகிங்க முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க? என்னைப் பேசக் கூப்பிட்டுட்டு வாசல்ல இதைக் கட்டி வச்சிருக்கீங்களே, எனக்கு வயிறு எரியுது.

எழுதிக்கிட்டு வந்த பேச்சு சட்டைப் பையிலயே கிடக்கட்டும். இந்தக் கோபத்தோடயே ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, அந்த பேனர் அங்க இருக்கலாமா கூடாதான்னு.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஊர். கல்யாண மண்டபத்து மாடியில காலையில யோகா வகுப்பு. சொல்லித் தர்றவர் பேரு கதிர்வேலன். அந்த வகுப்புல ஒரு வழக்கம். ஆசனம் பண்றவங்க பின்னாடி, பிளாஸ்டிக் பாய்ல. மூச்சுப் பயிற்சிக்குப் போனவங்க முன்னாடி, சிவப்புக் கம்பளியில. வசதிக்காகத்தான் பிரிச்சாங்க. ஆனா நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? முன்வரிசைன்னா பெரிய மனுஷங்க, பின்வரிசைன்னா ஃபெயிலானவங்க... அப்படி ஆக்கி வச்சுட்டாங்க.

அங்க மயிலாத்தான்னு ஒரு அம்மா. தரையில உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும், எழுப்பி விட ஆள் வேணும். எதுக்கு வகுப்புக்கு வந்தாங்க தெரியுங்களா? ஒரே மக முழுகாம இருக்கா. தலைப்பிரசவம் அம்மா வீட்லதானே? பொறக்கப் போற பிள்ளையைத் தன் கையால குளிப்பாட்டணும். அவ்வளவுதான் அந்தம்மா ஆசை. பிள்ளையைக் குளிப்பாட்ட எப்படி உக்காரணும்? இங்க இருக்கற அம்மாமாருக்குத் தெரியும். ரெண்டு காலையும் நேரா நீட்டி, முதுகு சாயாம உக்காந்து, பிள்ளையைக் கால் மேல போட்டுக்கணும். பிள்ளை ஒண்ணுதான் இல்ல, மத்தபடி அதுதாங்க தண்டாசனம்.

கதிர்வேலன் அதைத்தான் கொடுத்தார். ஆரம்பத்துல சுவத்துல சாஞ்சு உக்காந்த அம்மா, மெல்ல மெல்ல சுவத்தை விட்டு முன்னால வந்தாங்க. தொடை நடுக்கம் குறைஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள்... இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தாப் போதும்.

அதே வகுப்புல அவங்க சம்பந்தியம்மா ருக்மணியும் இருந்தாங்க, மாப்பிள்ளையோட அம்மா. அவங்களுக்கு முன்வரிசை. வருஷக்கணக்கா ஆசனம் பண்ணிட்டு அங்க போனவங்க, அது வேற. ஒரு நாள் போற போக்குல சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க.

"என்னங்க சம்பந்தியம்மா... இன்னும் காலை நீட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்கீங்களா?"

கேலிதான், மனசுல விஷம் இல்ல. ஆனா பொண்ணைக் கொடுத்த இடமாச்சே... மயிலாத்தாவுக்கு சுருக்குன்னு தச்சிருச்சு. மறுநாளே கதிர்வேலன்கிட்ட போய், தன்னையும் கம்பளியில உக்கார வைக்கச் சொன்னாங்க. அந்த இடுப்பு இன்னும் தயாராகலைன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சே சரின்னார். ஏன்? வேண்டாம்னு சொன்னா வகுப்பை விட்டு நின்னுடுவாங்களோன்னு பயம். அந்த மனுஷன் மேல இருக்கற கோபம் எனக்கு இன்னிக்கும் ஆறலைங்க.

உக்காந்தாங்க. சம்மணம் போட வரல, காலை இழுத்து மடக்கினாங்க. முதுகு கூனி, நெஞ்சு மடங்கிப் போச்சு. மடங்கின நெஞ்சுக்குள்ள மூச்சு எங்கய்யா போகும்? பக்கத்துல சம்பந்தியம்மா மூச்சை அடக்கி நிதானமா இருக்காங்க. இவங்க ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டு, அவங்க விடற வரைக்கும் நானும் விடமாட்டேன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. முகம் சிவந்துது. காது அடைச்சுது. கீழ கால் மரத்துப் போச்சு. எல்லாரும் எந்திரிச்சாங்கன்னு இவங்களும் எந்திரிச்சாங்க... கால் நிக்கல, தலை சுத்துச்சு. கையை ஊனி விழுந்ததுல மணிக்கட்டு உடைஞ்சு போச்சு.

கட்டு பிரிக்கறதுக்குள்ள மகளுக்குப் பிரசவம் ஆயிடுச்சு. பெண் பிள்ளை. குளிப்பாட்ட ஆள் வேணுமே? ருக்மணியம்மாதான் வந்தாங்க. மயிலாத்தா வீட்டுக்கே வந்து, காலை நீட்டி, நிமிர்ந்து உக்காந்து, பிள்ளையைக் கால் மேல போட்டுக்கிட்டாங்க. தண்ணியாவது ஊத்தலாமேன்னு மயிலாத்தா கட்டு இல்லாத கையில சொம்பை எடுத்துக்கிட்டு கிட்ட போறாங்க. பெத்த மக சொல்றா...

"அம்மா, நீ தள்ளி நில்லும்மா. பிள்ளை மேல விழுந்துறப் போற."

தள்ளி நின்னாங்க. சொம்பைக் கீழ வச்சுட்டு, தன் பேத்தி குளிக்கறதைக் கதவோரமா நின்னு பார்த்தாங்க.

அவங்களைத் தள்ளி நிக்க வச்சது யாருங்க? மகளா? சம்பந்தியா? இல்ல... சொல்ல வேண்டிய இடத்துல 'இன்னும் இல்லம்மா'ன்னு சொல்லாத வாத்தியார். இங்க இருக்கற வாத்தியார்களே, உங்களைத்தான் சொல்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல பயமா இருந்தா, தயவு செஞ்சு சொல்லித்தர வராதீங்க.

மூச்சுப் பயிற்சி எப்ப ஆரம்பிக்கணும்னு எல்லாரும் கேக்கறீங்க. வாரக் கணக்கு, மாசக் கணக்கு என்கிட்ட இல்ல. நிமிர்ந்து உக்காருங்க. இடுப்பு வலிக்குதுன்னு கூப்பிடுதா? முட்டி கூப்பிடுதா? அப்ப உங்களுக்கு இன்னும் ஆசனம்தான். அதுல ஒரு கேவலமும் இல்ல. அப்புறம் மூச்சைத் தொட்டாலும், அடக்கற வேலை வேண்டாம், மெல்ல இழுத்து மெல்ல விடுங்க. ஆசனத்தையும் கூடவே வச்சுக்கங்க, நிறுத்திடாதீங்க.

கால் மேல ஒரு பச்சைப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டறீங்கன்னு வச்சுக்கங்க... அப்ப உங்க நெனப்பு உங்க இடுப்பு மேல இருக்கா, பிள்ளை மேல இருக்கா? பிள்ளை மேல இருந்தா, மறுநாள் காலையில வாங்க. மூச்சு நானே சொல்லித் தர்றேன்.

இப்ப யாராவது எந்திரிச்சுப் போய் அந்த பேனரை அவுத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன். அவுத்த பிறகுதான் மேல பேசுவேன்.