முறிந்த தூண்

நங்கூரம் செதுக்குவது சுலபம் ஐயா. நான் கடலைப் பார்த்ததில்லை, ஆனாலும் இந்த மூணாறு மலையில் இருபது நங்கூரமாவது செதுக்கியிருப்பேன். புறாதான் கஷ்டம். கொஞ்சம் அசந்தால் கோழியாகிவிடும்.

துரைமார் கல்லறைக்குக் கல் செதுக்கும்போது பாதிரியார்தான் எனக்கு அர்த்தமெல்லாம் சொன்னார். நங்கூரம் என்றால் நம்பிக்கை. கோத்த கைகள், பிரிந்துபோன கணவன் மனைவிக்கு. கதிர்க்கட்டு, நன்றாக வாழ்ந்து முதிர்ந்தவருக்கு. முறிந்த தூண், வாழ வேண்டிய வயதில் போனவருக்கு.

எங்கள் லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டக் கூலி ஆட்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஓடையோரத்து இடுகாட்டில் அவர்களுக்கும் கல் நட்டு அடையாளம் போட்டேன். ஒருவருக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி, ஒருத்திக்கு வெற்றிலை. காய்ச்சலில் போன என் மனைவி சுருளியம்மாளுக்கு இரண்டு தண்டட்டி, அவள் காதில் தொங்கியது போலவே.

பெருவெள்ளம் வந்து மூன்றாம் வருடம், தேயிலை நடுவதற்காக அந்த இடத்தை அழித்தார்கள். ஞானஜோதி கங்காணி கற்களைப் பிடுங்கச் சொன்னார். தண்டட்டிக் கல்லை மட்டும் துணி துவைக்கத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் போய்க் கேட்டேன்.

"அந்தக் கல்லைக் குடுத்துருங்கய்யா. அது என் பொஞ்சாதி கல்லு."

"கல்லுல ஏதுடா பொஞ்சாதி? சொரசொரன்னு இருக்கு, அழுக்கு நல்லாப் போகுது."

கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்று வருடம் கழித்து அவர் மனைவி இறந்தார். கோத்த கைகள் போட்டு ஒரு கல் வேண்டும் என்றார். செதுக்கிக்கொண்டே யோசித்தேன். கங்காணிக்கு அறுபது வயது. அவர் செத்தால் கதிர்க்கட்டுதான் போட வேண்டும். அது மரியாதை. அவருடைய ஒரே மகன் சாமிதாசுக்கு இருபத்திரண்டு. நல்ல பையன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கல் முடிந்ததும் அவனைக் குவாரிக்கு வரச் சொன்னேன். எழுத்துப் பக்கம் கவிழ்ந்த சாய்வில், ஒரே ஒரு கட்டை தாங்கும்படி கல்லை நிறுத்தியிருந்தேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. கீழ் வரியில அம்மா பேரு சரியா இருக்கான்னு குனிஞ்சு பாருங்க."

"சரியாத்தான் இருக்குண்ணே" என்றான்.

கட்டையைத் தட்டிவிட்டேன்.

கல் சறுக்கியது என்று சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். அவனுக்கும் நான்தான் கல் செதுக்கினேன். முறிந்த தூணுக்கு அர்த்தம் கேட்டார் கங்காணி. சொன்னேன். என் தோளில் சாய்ந்து அழுதார். மறுநாள் தண்டட்டிக் கல்லைத் தானே சுமந்து வந்து என் வாசலில் இறக்கினார். சோப்பு மணத்தது. தண்டட்டி தேய்ந்துபோயிருந்தது.

"இப்பத்தான் தெரியுது மொக்கையா" என்றார்.

இப்போது அவர் மனம் தேறி வருகிறார். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதனால்தான் யாரும் பிடிக்காமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த ஆறுதல் அவருக்கு இருக்கக் கூடாது. இந்த வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

உடனே உயிர் போயிற்றா என்று கேட்டீர்கள். இல்லை. இடுப்புக்கு மேல் அவன் வெளியில்தான் கிடந்தான். "நெம்புங்கண்ணே, நெம்புங்க" என்று வெயில் சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.